டிக்கியில் சப்வூஃபர்: சீல்டு பாக்ஸா, போர்ட்டட் பாக்ஸா? வடசென்னைக் காருக்கு ஒரு கணக்கு

தாழ்ந்த சுருதியை மட்டும் பாடும் ஸ்பீக்கரான 12 இன்ச் சப்வூஃபர் (சுருக்கமாக சப்) ஒன்றை வாங்கிவிட்டால் பாதி வேலைகூட முடிந்துவிடவில்லை. அதே சப், ஒரு பாக்ஸில் கேட்டால் கானாவின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகத் தரும். இன்னொன்றில் போட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி ஒரே உறுமலாக வரும். ஆம்ப்பில், அதாவது ஆம்ப்ளிஃபையரில், காசைக் கொட்டியும் இதைச் சரிசெய்ய முடியாது. ஆகவே முடிவெடுக்க வேண்டியது பாக்ஸைப் பற்றித்தான்: முழுதும் அடைத்த சீல்டா, காற்று போய்வர வழி (போர்ட்) விட்ட போர்ட்டட்டா என்று. அதற்கு மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும்: டிக்கியில் எத்தனை லிட்டரை விட்டுக்கொடுக்க முடியும், கையில் இருக்கும் சப்பின் அளவுகள் என்ன சொல்கின்றன, வண்டியில் என்ன பாட்டு ஓடுகிறது.

நான்காவதாக ஒன்றையும் வடசென்னையில் சேர்க்க வேண்டும்: தண்ணீரும் உப்புக்காற்றும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் தெருவில் நிற்கும் வண்டியின் டிக்கிக்குள் இருக்கும் எந்தச் செம்புக் கம்பியும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி பக்கம் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே ஏறும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாக்ஸின் வகை, பலகை, ஆம்ப்பை மாட்டும் இடம் என எல்லாவற்றையும் இது பாதிக்கிறது.

முதலில் சப்போடு வரும் தாளைப் பார்க்க வேண்டும். அதில் எஃப்எஸ் (Fs), க்யூடிஎஸ் (Qts), க்யூஇஎஸ் (Qes), வாஸ் (Vas) என்று நான்கு எண்கள் இருக்கும். எஃப்எஸ் என்பது கோன் தன் இஷ்டத்துக்கு அதிரும் ஹெர்ட்ஸ். க்யூடிஎஸ், அந்த அதிர்வு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லும். க்யூஇஎஸ், அந்தக் கட்டுப்பாட்டில் மின்சாரப் பக்கத்தின் பங்கை மட்டும் சொல்லும். வாஸ், கோனைத் தாங்கும் சஸ்பென்ஷனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு, லிட்டரில். எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். 50க்குக் கீழே வந்தால் அந்த சப் சீல்டு பாக்ஸுக்காகவே பிறந்தது. 100க்கு மேலே போனால் போர்ட்டட். இடையில் வந்தால் இரண்டிலும் ஓடும், முடிவு உங்கள் கையில். இந்த எண்களே இல்லாமல் "1000 வாட்ஸ்" என்று மட்டும் அட்டையில் அச்சடித்து விற்கும் சப்புக்குப் போர்ட்டட் பாக்ஸ் கட்டவே கூடாது. கணக்குப் போட எதுவும் இல்லாதபோது ட்யூனிங், அதாவது போர்ட்டுக்குச் சுருதி பிடிப்பது, வெறும் குருட்டு யோகம்.

ஒப்பிட ஒரு சாதாரண 12 இன்ச் சப்பை எடுத்துக்கொள்வோம்: எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் 0.49, க்யூடிஎஸ் 0.45, வாஸ் 60 லிட்டர். 28ஐ 0.49ஆல் வகுத்தால் 57. இரண்டு பக்கமும் போகக்கூடிய சப், ஆனால் சாய்வு சீல்டு பக்கம்.

சீல்டு பாக்ஸ்

நான்கு பக்கமும் அடைத்த, காற்று கசியாத பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பதைச் சொல்லும் எண் க்யூடிசி. கணக்கு எளிது: வாஸைப் பாக்ஸின் லிட்டரால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, க்யூடிஎஸ்ஸால் பெருக்க வேண்டும். 30 லிட்டர் பாக்ஸில் நம்முடைய சப்புக்கு 60/30 = 2, ஒன்று கூட்டினால் 3, வர்க்கமூலம் 1.73, அதை 0.45ஆல் பெருக்க 0.78. பாக்ஸில் மாட்டிய பின் அதிர்வு 28இலிருந்து சுமார் 48 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 0.707 வேண்டும் என்றால் 41 லிட்டர் ஆகும். காருக்குள் 0.7 முதல் 0.8 வரை எதுவும் நன்றாகவே இருக்கும். 11 லிட்டர் டிக்கியைக் கூடுதலாகக் கொடுத்து அந்தச் சின்ன வித்தியாசத்தை வாங்க வேண்டிய அவசியமில்லை. 1.0ஐத் தாண்டினால்தான் ஒரே சுருதியில் "டொம் டொம்" என்று முட்டும். 12 இன்ச் சப்பை 15 லிட்டர் டப்பாவுக்குள் திணிப்பவர்களுக்கு நடப்பது அதுதான்.

48 ஹெர்ட்ஸுக்குக் கீழே சீல்டு பாக்ஸின் சத்தம் ஒரு ஆக்டேவுக்கு, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல் வீதம் இறங்கும். வீட்டு அறையில் இது குறை. காரில் குறையே இல்லை, ஏனென்றால் மூடிய கேபின் அவ்வளவு சின்னது. கேபினின் நீளத்தைப் பொறுத்து 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலையின் பாதி நீளம்கூட உள்ளே அடங்காது; அங்கிருந்து கேபின் முழுதும் ஒரே அழுத்தமாக ஏறி இறங்கும், கீழே போகப் போகச் சத்தம் கூடும். கணக்குப்படி அதுவும் ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல். கதவு இடுக்கும் தகரமும் கொஞ்சத்தைத் தின்றுவிட்டாலும், மிச்சம் இருப்பது பாக்ஸின் சரிவைப் பெரும்பாலும் ஈடுகட்டும். கேபின் இலவசமாகத் தரும் இந்த உதவியைக் கணக்கில் எடுக்காமல் "சீல்டுல பேஸ் வராது" என்று சொல்வது சரியல்ல.

இன்னொரு பெரிய நன்மை, பிழை பொறுக்கும் தன்மை. 30 லிட்டருக்குப் பதில் 27 ஆகிவிட்டால் க்யூடிசி 0.81, 33 ஆனால் 0.76. காதுக்குத் தெரியாது. ஏரியா ஆசாரி கட்டினாலும் கெட்டுப்போகாத வடிவம் இது ஒன்றுதான்.

30 லிட்டர் என்பது காற்றுக்கு மட்டும். மேக்னெட்டும் கூடையும் சுமார் 3 லிட்டர் பிடிக்கும், உள்ளே குறுக்குச் சட்டம் 1 லிட்டர். ஆகவே உள் அளவு 34 லிட்டர். அளவுகள் இப்படி வரும்: உள் உயரம் 32.4, உள் அகலம் 42.4, உள் ஆழம் அடியில் 29, மேலே 20.6 செ.மீ. பின்பக்கம் சீட்டின் சாய்வோடு ஒட்டி நிற்கத்தான் இந்தச் சரிவு. 18 மி.மீ. பலகையில்: ஓரப் பலகை இரண்டும் சரிவகம், 32.4 உயரம், அடி 29, மேல் 20.6. முன்பலகை 46 × 36, இரண்டு. ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி 36 மி.மீ. ஆக்க வேண்டும், சப்பைத் தாங்குவது இதுதான். மேல்பலகை 46 × 20.6, அடிப்பலகை 46 × 29. இவற்றின் பின்விளிம்பை 14, 15 டிகிரி சாய்த்து அறுக்கக் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். பின்பலகை 46 × 38 வெட்டி, மாட்டிய பிறகு மிச்சத்தைச் சீவிவிடலாம். எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதி போதும். சப்போடு சேர்த்து எடை ஏறக்குறைய 16 கிலோ. ஒரே ஆள் தூக்கி வெளியே வைத்துவிட்டு ஊருக்கு மூட்டை ஏற்றலாம்.

போர்ட்டட் பாக்ஸ்

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமே, அதே வேலை. பாக்ஸுக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங், போர்ட்டுக்குள் இருக்கும் காற்று எடை. இரண்டும் சேர்ந்து ஒரு ஹெர்ட்ஸில் துள்ளும், அதுதான் ட்யூனிங். அந்த ஹெர்ட்ஸில் கோன் ஏறக்குறைய நின்றுவிடும், சத்தம் முழுதும் போர்ட்டிலிருந்து வரும். பலன், ட்யூனிங்கை ஒட்டிய ஹெர்ட்ஸுகளில் சீல்டைவிட 3 டெசிபல், சில சமயம் அதற்கும் மேலே.

3 டெசிபல் என்றால் ஆம்ப்பின் வாட்டை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 40 ஹெர்ட்ஸ் பக்கம் சீல்டு பாக்ஸ் 500 வாட்டில் தருவதைப் போர்ட்டட் 250 வாட்டில் தந்துவிடும். 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப் 500 வாட்டுக்கு 13.8 வோல்ட்டில் 45 ஆம்பியர் இழுக்கும். 250 வாட்டுக்கு 23 போதும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் வரிசைக்குப் பின்னால் ஐடிலிங்கில் ஏசியும் ஹெட்லைட்டும் ஓட நிற்கும் சின்ன செடானுக்கு இந்த 22 ஆம்பியர் பெரிய விஷயம். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழுக் கரன்ட்டைத் தராது. பேஸ் அடிக்கும்போதெல்லாம் லைட் மங்கினால் பற்றாக்குறையைப் பேட்டரி சுமக்கிறது என்று அர்த்தம். மின்சாரத்தை மட்டும் பார்த்தால் திறன் மிக்கது போர்ட்டட்தான், சந்தேகமே இல்லை.

விலை, இடம். அதே சப்புக்கு 55 லிட்டர் காற்று, 34 ஹெர்ட்ஸ் ட்யூனிங் என்று வைத்துக்கொள்வோம். போர்ட்டின் வாய் ஒரு கன அடிக்கு 12 முதல் 16 சதுர இன்ச் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. 5 × 33 செ.மீ. சந்து வைத்தால் 165 சதுர செ.மீ., போதும். நீளம்: 29,970ஐ வாயின் பரப்பால் பெருக்கி, ட்யூனிங்கின் வர்க்கத்தாலும் லிட்டராலும் வகுக்க வேண்டும். சுமார் 78 வரும். போர்ட்டின் வாயருகே இருக்கும் காற்றும் சேர்ந்து ஆடுவதால் அதற்கு 10.6 கழித்தால் 67 செ.மீ. பாக்ஸுக்குள் எல் வடிவில் மடித்துத்தான் வைக்க முடியும். இந்தச் சந்து 11 லிட்டரைத் தின்னும், அதன் பலகை 4, சப் 3, சட்டம் ஒன்றரை. மொத்தம் 74 லிட்டர் தாண்டுகிறது: உள் அளவு 33 × 74 × 30.5 செ.மீ. சப்போடு 25 கிலோவுக்கு மேலே, பலகை முக்கால் ஷீட்டுக்குக் குறையாது. ஏறக்குறைய 380 லிட்டர் டிக்கி உள்ள டிசையரில், பலகையின் கனத்தையும் சேர்த்தால், நான்கில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். வெளிவடிவத்தின் குறுக்காலும் நெடுக்காலும் வீணாகும் இடம் தனி. வாங்குவதற்கு முன் டிக்கியின் வாயை அளந்துவிடுங்கள். உள்ளே இடம் இருந்தும் வாயில் நுழையாமல், பாக்ஸைத் திரும்பத் தச்சுப் பட்டறைக்கே கொண்டுபோவது சாதாரணமாக நடக்கிறது. மூடியின் வளைந்த கீல் இறங்கும் பாதையையும் விட்டுவைக்க வேண்டும்.

சந்துக்குப் பதில் 110 மி.மீ. பிவிசி டிரைனேஜ் பைப் போடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். உள்விட்டம் 10.4 செ.மீ. என்றால் ஒரு பைப்பின் பரப்பு 85. ஒன்றே ஒன்று போட்டால் 32.5 செ.மீ. நீளம் போதும், ஆசையாக இருக்கும். ஆனால் வாய் பாதியாகிவிட்டதால் காற்றின் வேகம் இரண்டு மடங்காகி, வால்யூம் ஏற்றியதும் "ஃபுஸ் ஃபுஸ்" என்று மூச்சு வாங்கும், ட்யூனிங்கின் பலனும் அங்கேயே குறையும். இரண்டு பைப் போட்டால் சரி, ஆனால் ஒவ்வொன்றும் 72 செ.மீ. ஆகிவிடும், எல்போ வைத்துத்தான் திருப்ப வேண்டும். போர்ட்டில் இலவசம் என்று எதுவும் கிடையாது.

போர்ட்டட் பாக்ஸ் சப்பைக் கொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. ட்யூனிங்குக்குக் கீழே, நம் கணக்கில் 34க்குக் கீழே, காற்று ஸ்பிரிங்காக இருப்பதை நிறுத்திவிடும். கோனைப் பிடிக்க ஆளில்லை. சத்தம் வராமலேயே கோன் முழு நீளத்துக்கு ஓடும், வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) அடித்தட்டில் இடிக்கும், ஒருநாள் வளைந்து உரசத் தொடங்கும். மிகத் தாழ்ந்த ஹெர்ட்ஸை வெட்டும் சப்சானிக் ஃபில்டர் ஆம்ப்பில் இருந்து, அதை 28 ஹெர்ட்ஸில் வைத்தால் இது நடக்காது. ஃபில்டர் இல்லாத ஆம்ப் வைத்திருப்பவருக்கு எங்கள் பதில் ஒன்றுதான்: சீல்டு.

பாட்டு என்ன சொல்கிறது

கானா, பறை, டோலக், குத்து: இவற்றில் அடி விழுவதும் உடனே நிற்பதும்தான் உயிர். பேஸ் டிரம்மின் அடிநாதம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இந்த இசைக்கு 30 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டிய தேவையே இல்லை. அடி நின்றதும் கோனும் நிற்க வேண்டும். அதைச் சீல்டு நன்றாகச் செய்யும். ஹிப்ஹாப், எலக்ட்ரானிக் பாட்டுகளில் நீண்டு இழுக்கும் 35, 40 ஹெர்ட்ஸ் பேஸ்தான் வேண்டும் என்பவருக்குப் போர்ட்டட்டின் 3 டெசிபல் பொருள் உள்ளது. 45 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்து "நல்லா அடிக்குது" என்று கொடுக்கும் ரெடிமேட் பாக்ஸ்கள் ஒரே ஒரு சுருதியைத்தான் அடிக்கும். டோலக்கின் சின்ன விரலடியெல்லாம் அதில் காணாமல் போகும். இதை இழந்து வாங்கும் சத்தம் கானாவுக்குச் செய்யும் அநியாயம்.

மற்ற வழிகள்

பேண்ட்பாஸ் பாக்ஸில் கோனின் ஒரு பக்கம் சீல்டு, மறுபக்கம் போர்ட். குறுகிய பட்டையில் பலமாக அடிக்கும், இரண்டு அறையும் கணக்குப் பிசகாமல் இருக்க வேண்டும், ஆம்ப் கிழியும் சத்தத்தை அது வடிகட்டி மறைத்துவிடுவதால் வாய்ஸ் காயில் கருகும்வரை தெரியாது. தினப்படி ஓட்டும் வண்டிக்கு வேண்டாம்.

பாக்ஸே இல்லாமல், பின்சீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து டிக்கியையே பெட்டியாக்கும் முறை உண்டு. க்யூடிஎஸ் 0.6க்கு மேலான சப் வேண்டும், டிக்கியும் கேபினும் காற்றுப்புகாமல் பிரிய வேண்டும். சீட்டின் பின்தகரத்தை அறுக்க வேண்டி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது வண்டியின் பலத்தைச் சேர்ந்தது.

ஸ்டெப்னி குழிக்குள் பாக்ஸ் வைப்பது டிக்கியை முழுசாகத் திருப்பித் தரும். ஆனால் மழைத்தண்ணீர் முதலில் தேங்கும் குழி அதுதான். லாரிகளிலிருந்து ஆணியும் போல்ட்டும் உதிரும் மணலி, எண்ணூர் சாலைகளில் ஸ்டெப்னி இல்லாமல் போவதும் நல்ல யோசனை இல்லை.

சிஎன்ஜி வண்டிக்கு முடிவு தானாகவே ஆகிவிடுகிறது. சிலிண்டருக்குப் பக்கத்தில் பாக்ஸை நெருக்கி வைப்பதோ, அதன் தாங்கியில் ஸ்க்ரூ போடுவதோ, வால்வை மறைப்பதோ கூடவே கூடாது. சீட்டுக்கு அடியில் போகும், ஆம்ப் உள்ளேயே அடங்கிய 8 இன்ச் ஆக்டிவ் சப்தான் வழி. அடிவயிற்றை அதிரவைக்காது, ஆனால் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே திருத்தமாகப் பேசும். கேபின் தரையில் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான் என்பதால், மழை எச்சரிக்கை வந்தால் கழற்றி எடுக்கும்படி கனெக்டர் வைத்து மாட்டுங்கள்.

பலகை, ஒட்டு, கம்பி

எம்டிஎஃப் அடர்த்தியானது, அறுக்கச் சுலபம், பாக்ஸுக்கு எங்கும் அதைத்தான் சொல்வார்கள். கடலோரத்துக்கும் வெள்ளத்துக்கும் அது ஒத்துவராது; அடிவிளிம்பு ஒருமுறை நனைந்தால் உப்பிப் பிளந்து, பிறகு காயவே காயாது. 18 மி.மீ. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை உள்ளது, வால்டாக்ஸ் ரோட்டில் கேட்டு வாங்கி, வெட்டு விளிம்பில் இடைவெளி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். உள்ளே ஓட்டை உள்ள பிளை பேஸ் அடிக்கும்போது கடகடக்கும். 12 மி.மீ. பார்ட்டிக்கிள் போர்டு ரெடிமேட் பாக்ஸில் பலகையே அதிரும். சப்புக்குப் போன வாட்டில் ஒரு பங்கு அங்கே வீண்.

மூட்டுக்கு நீர் தாங்கும் மரப்பசை, 10 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ, முன்கூட்டியே 3 மி.மீ. துளை. துளை போடாமல் ஓட்டினால் பிளையின் விளிம்பு பிளக்கும். உள்மூலைகளுக்கு நியூட்ரல் சிலிக்கான். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானின் ஆவி செம்பை அரிக்கும். எதுவானாலும் 24 மணி நேரம் காயவிட்டுத்தான் சப்பை மாட்ட வேண்டும். சீல்டு பாக்ஸுக்குள் தலையணைப் பஞ்சு, பாலியஸ்டர் ஃபைபர், 300 கிராம் உதிர்த்துப் போட்டால் பாக்ஸ் கொஞ்சம் பெரிதானதுபோல நடந்துகொள்ளும். போர்ட்டட்டில் அப்படி நிரப்பக்கூடாது, போர்ட்டின் உள்வாயை அடைத்துவிடும்.

பாக்ஸைச் சீட்டோடு ஒட்டி, கோன் டிக்கியின் பின்பக்கம் பார்க்க வையுங்கள். கோனுக்கும் பின்தகரத்துக்கும் 60 செ.மீ. இருந்தால், எதிரொலி மோதி அலையை அழிப்பது 143 ஹெர்ட்ஸில் நடக்கும். 80 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்ட சப்புக்கு அது பொருட்டில்லை. கோன் சீட்டைப் பார்த்து, பின்தகரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால் அதே அழிவு 86 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அடி விழும் இடத்திலேயே ஒரு பள்ளம். போர்ட்டின் வாய்க்கு முன்னால் குறைந்தது 10 செ.மீ. காலியாக இருக்கட்டும்.

பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் கம்பி. 45 ஆம்பியருக்கு 16 சதுர மி.மீ. சுத்தச் செம்பு என்றால் கால் வோல்ட் இழப்பு. செம்புப் பூச்சுள்ள அலுமினியம் என்றால் 0.4 வோல்ட் ஆகும், உப்புக்காற்றில் அதன் முனை சீக்கிரம் வெளுத்துப் பொடியும். வெள்ளீயம் பூசிய செம்பு கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். இதில் சமரசமே கிடையாது. ஃபியூஸுக்கு முன்னால் கம்பி எங்காவது தகரத்தில் உரசினால் வண்டி எரியும். எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டிப் பளபளவென்று தகரம் தெரிந்த பிறகு போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். டிக்கித் தரையில் எங்கே துளை போட்டாலும் முதலில் வண்டிக்கு அடியில் பார்க்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பின்சீட்டுப் பக்கம்தான் இருக்கிறது. ஆம்ப்பைப் பாக்ஸின் மேலே திருகினால் அதிர்விலேயே சால்டரிங் விடும், தரையில் படுக்கவைத்தால் தண்ணீர் வரும். சீட்டின் பின்புறம் 12 மி.மீ. பிளை ஒன்றை நிறுத்தி அதில் மாட்டுவதே நல்லது.

எங்கள் தேர்வு

குடும்பமும் மூட்டையும் ஏறும் செடான், கானாவும் சினிமாப் பாட்டும், 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் உண்மையான வாட்) ஆம்ப்: 30 லிட்டர் சீல்டு, மறுயோசனை வேண்டாம். டிக்கி பெரும்பாலும் காலி, சப்பின் எஃப்எஸ்/க்யூஇஎஸ் கணக்கு 80, 90ஐத் தொடுகிறது, ஆம்ப்பில் சப்சானிக் ஃபில்டர் உண்டு, அளவு பிசகாமல் அறுக்கும் ஆசாரி தெரியும்: போர்ட்டட் கட்டுங்கள், மகிழ்ச்சியாக இருப்பீர்கள். நான்கில் ஒன்று குறைந்தாலும் சீல்டுக்கே திரும்புவது நல்லது.

மாட்டி முடித்ததும் ஆம்ப்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்க வேண்டும் என்ற திருகை) மல்ட்டிமீட்டரால் வையுங்கள், காதால் வேண்டாம். சப் கம்பியைக் கழற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஆம்ப்பின் வெளிவாயிலில் ஏசி வோல்ட் பாருங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரவேண்டிய வோல்ட் கிடைக்கும்: 300 வாட், 4 ஓம் என்றால் 34.6, 2 ஓம் என்றால் 24.5. மேல் ஹெர்ட்ஸை வெட்டும் லோபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்.

சீல்டு பாக்ஸில் கசிவைக் கண்டுபிடிக்கக் கோனின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்தி விடுங்கள். மெல்லத் திரும்பினால் காற்று பிடித்திருக்கிறது. சட்டென்று துள்ளினால் எங்கோ விட்டிருக்கிறது, பெரும்பாலும் பாக்ஸில் கம்பி மாட்டும் டெர்மினல் கப்பின் ஓரம். போர்ட்டட்டில் 25 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை டோன்களைக் குறைந்த வால்யூமில் ஒவ்வொன்றாக ஓட்டி, கோன் எதில் மிகக் குறைவாக ஆடுகிறது என்று பாருங்கள். உண்மையான ட்யூனிங் அதுவே. 34 என்று கணக்குப் போட்டு 38இல் நின்றால் போர்ட்டை நீட்ட வேண்டும், 30இல் நின்றால் குறைக்க வேண்டும். போர்ட்டின் உள்முனைப் பலகையை ஒட்டாமல் ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்திவைத்து இந்தச் சோதனை முடிந்த பிறகு பசை போடுங்கள்.